புறஜாதியும் நம்ம ஜாதியும்: ஞாயிறு பள்ளி சொல்லித்தராத வேதபாடம்

கடந்த மே மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்கு எட்டு வயது. சபையில் நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பத்து நாளும் தவறாமல் போனாள். தலையில் காகிதத் தொப்பி, கையில் வண்ணம் தீட்டிய நோவாவின் பேழை, வாயில் ஓயாத பாட்டு. ஏழாம் நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டாள்: "சித்தி, நாம புறஜாதியா?"

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு விசாரித்தேன். அன்றைக்குப் பேதுருவும் கொர்நேலியுவும் பாடமாம். யூதர் அல்லாதவர் எல்லாரும் புறஜாதியார் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த பையன் இவளிடம், "நீங்க காலனிதானே, அப்ப நீங்கதான் புறஜாதி" என்றிருக்கிறான். இவள் கையைத் தூக்கி டீச்சரிடமே கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் கேக்கக் கூடாது. இயேசப்பாவுக்கு எல்லாரும் பிள்ளைங்கதான். உட்காரு." அக்காவும் ஏறத்தாழ அதையேதான் சொன்னாள்: "சாப்பிடுற நேரத்துல என்ன பேச்சு இது."

அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த வகுப்பில் பாடத்தைத் தன் ஊரோடு பொருத்திப் பார்த்த ஒரே ஆள் அவன்தான். தலைகீழாகப் பொருத்தினான், அவ்வளவே. எந்த மனிதரையும் தீட்டு என்று சொல்லக் கூடாது என்று பேதுரு கற்றுக்கொண்ட கதை அது. அந்தக் கதையைக் கேட்ட அதே அரை மணி நேரத்தில் ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைத் தீட்டாக்குகிறது. ஆசிரியர் அதைக் கண்டும் காணாமல் அடுத்த பாட்டுக்குப் போகிறார். இது ஒரு டீச்சரின் குறை இல்லை. நம் சபைகளில் குழந்தைகளுக்கு வேதம் சொல்லித்தரும் முறையே இப்படித்தான் இருக்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவக் குழந்தையின் காதில் 'ஜாதி' என்ற சொல் விழாத ஞாயிறு கிடையாது. பழைய மொழிபெயர்ப்பில் உலக மக்கள் 'சகல ஜாதிகள்', யூதரல்லாதவர் 'புறஜாதியார்', விசுவாசிகள் 'பரிசுத்த ஜாதி', இஸ்ரவேலரின் பிரிவுகள் பன்னிரண்டு 'கோத்திரங்கள்'. இத்தனை ஜாதியையும் கோத்திரத்தையும் வாசிக்கவைத்துவிட்டு, தன் தெருவில் இருக்கும் சாதியைப் பற்றிக் கேட்டால் மட்டும் உட்காரு என்கிறோம்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிக் கூட்டங்கள் சிலவற்றுக்கு நானும் போயிருக்கிறேன். குழந்தைகளின் மனதில் வேதத்தை எப்படிப் பதியவைப்பது என்பதுதான் எப்போதும் தலைப்பு. பொம்மலாட்டம், படச்சுருள், கை அசைத்துப் பாடும் பாட்டு, மனப்பாட வசனத்துக்கு நட்சத்திரம், வருகைக்குப் பரிசு. எல்லாம் நல்லதுதான். குழந்தைகளுக்குச் சலிப்பில்லாமல் சொல்லித்தர மெனக்கெடுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் சபை வளாகத்தில் இன்னொரு ஞாயிறு பள்ளி ஓசையில்லாமல் நடக்கிறது. அதற்குப் பொம்மையும் வேண்டாம், பரிசும் வேண்டாம். அங்கே படித்ததை எந்தக் குழந்தையும் சாகும்வரை மறப்பதில்லை.

யார் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்பது அங்கே முதல் பாடம். அசனத்துக்கு யார் அண்டாவில் கை வைக்கிறார்கள், யார் விறகு மட்டும் பிளக்கிறார்கள் என்பது இரண்டாம் பாடம். சபைத் தேர்தலில் யார் வீட்டுத் திண்ணையில் வேட்பாளர் முடிவாகிறார், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை, 'மணமகள் தேவை' விளம்பரத்தில் 'கிறிஸ்தவ' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அடுத்தடுத்த வகுப்புகள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் புதைகுழிகளைப் பிரித்து நின்ற சுவரைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு உயிர்த்தெழுதல் பற்றிய மனப்பாட வசனம் எதைச் சொல்லித்தந்திருக்கும்? எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளும் மறைக்கல்வி வகுப்பில் அன்பைப் பற்றிப் படித்தவர்கள்தான்.

நானும் இந்த இரண்டு பள்ளியிலும் படித்தவள். தென் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்ச் சபை. சேகர அளவிலான வசனப் போட்டியில் இரண்டு ஆண்டு முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மட்டும் ஒவ்வொரு ஆண்டும் நான் மேய்ப்பர். என் தெருப் பிள்ளைகள் எல்லாருமே மேய்ப்பர்கள். மரியாளும் தேவதூதரும் மேலத்தெருவில் இருந்து வருவார்கள். ஞானிகள் மூவருக்கும் பட்டுத்துணி வேண்டும் என்பதால் அவர்களும் அங்கிருந்தே. ஒருமுறை துணிந்து, தூதர் வேடம் கேட்டேன். "உனக்கு வெள்ளை உடுப்பு எடுக்காதும்மா" என்றார் எனக்குப் பிடித்த டீச்சர். கேலி செய்யவில்லை, அன்பாகத்தான் சொன்னார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கம்பை ஊன்றி, வானத்தை அண்ணாந்து பார்த்தேன். பெஞ்சு மேல் நின்று மேலத்தெருத் தூதர் எனக்கு நற்செய்தி சொன்னார்.

மேய்ப்பர்கள் ஊருக்கு வெளியே இராக்காவல் காத்த ஏழை உழைப்பாளிகள் என்றும், முதல் செய்தி அரண்மனைக்குப் போகாமல் அவர்களிடம் வந்தது என்றும் யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் அந்தத் துண்டை நான் கிரீடமாகக் கட்டியிருப்பேன். யாரும் சொல்லவில்லை. கதை கையில் இருந்தது. அதில் இருந்த எனக்கான பங்கு மறைக்கப்பட்டிருந்தது.

மிஷன் பள்ளிகளின் பாடத்திட்டங்களை ஆய்வு செய்யும்போது இந்த மறைப்பின் வரலாறு எனக்குப் பிடிபட்டது. ஞாயிறு பள்ளி பிறந்ததே உழைக்கும் பிள்ளைகளுக்காக. 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கினார். வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு மிச்சம் இருந்த ஒரே நாள் ஞாயிறு. அன்றைக்கு எழுத்தறிவு கொடுக்க வேதாகமம் பாடப்புத்தகமானது. உடனே பயமும் பிறந்தது. 1789 முதல் மெண்டிப் மலைப் பகுதியில் ஏழைகளுக்குப் பள்ளி நடத்திய ஹன்னா மோர், பிள்ளைகள் வாசிக்கலாம், எழுதப் பழக்கமாட்டேன் என்றார். கூலிக்காரன் பிள்ளை வேதம் வாசித்தால் பக்திமானாவான். எழுதக் கற்றால் என்ன ஆவானோ!

1807-இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று 'தெரிந்தெடுத்த பகுதிகள்'. பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்பது பங்கும், புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய பாதியும் அதில் இல்லை. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்டும் எஜமானுக்கு உண்மையாக உழைத்த கதை இருந்தது. மோசே அடிமைகளை விடுவித்துக் கூட்டிப்போன கதை இல்லை. வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் நிருபப் பகுதி இருந்தது. கிறிஸ்துவுக்குள் அடிமை, சுயாதீனன் என்ற வித்தியாசம் இல்லை என்ற கலாத்தியர் 3:28 இல்லை. வெட்டியவர்களுக்கு வேதம் நன்றாகவே புரிந்திருந்தது. எந்தப் பக்கத்தில் நெருப்பு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

நாம் பக்கம் எதையும் வெட்டவில்லை. வெட்டாமலே அந்த வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டோம். தரங்கம்பாடியில் 1718-இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கம் இருந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதியை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக ஆலயத்தை விட்டார்கள், சாதியை விடவில்லை. இன்றும் நம் பிள்ளைகள் பாடும் கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், அதற்கு முன்பே, 1820களில், புதிய மிஷனரிகளுக்கு எதிராகச் சாதி வழக்கத்தைக் காத்து எழுதியவர். பாட்டைச் சொல்லித்தருகிறோம், இதைச் சொல்லித்தருவதில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பாடுகிற பிள்ளைக்கு முழு வரலாறும் தெரியட்டும்.

எப்படி வெட்டாமல் வெட்டுகிறோம்? நான்கு பாடங்களை எடுத்துக்கொள்வோம்.

யாத்திராகமம். செங்கடல் பிளப்பதை நீலத்தாள் ஒட்டி அழகாகக் காட்டுவார்கள். ஐந்தாம் அதிகாரத்தைத் தொடமாட்டார்கள். வைக்கோல் தரமாட்டேன், ஆனால் செங்கல் கணக்குக் குறையக் கூடாது என்று பார்வோன் சொல்லும் இடம் அது. கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்கிறான். என் வகுப்பில் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். சில மாதம் வகுப்புக்கே வரமாட்டார்கள். கல் அறுக்கிற அப்பாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, காய்கிற கல்லைப் புரட்டிப்போடுவது அவர்கள் வேலை. அவர்கள் திரும்பி வந்ததும் வருகைப் பதிவேட்டைக் காட்டி, இந்த ஆண்டு உங்களுக்குப் பரிசு இல்லை என்றார்கள். வேதாகமத்தின் செங்கல் சூளையில் இருந்து நேரே எழுந்து வந்த பிள்ளைகள் அவர்கள். அந்த அதிகாரத்தை வாசிக்கச் சொல்லி, "அங்கே எப்படி இருக்கும், சொல்லு" என்று அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு வகுப்புக்கே அவர்கள் ஆசிரியர்களாகியிருப்பார்கள்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டம். யேசபேல் கெட்ட ராணி, கண்ணுக்கு மை தீட்டினாள், நாய்கள் தின்றன என்று பெண் பிள்ளைகளுக்கு அலங்காரம் பற்றிய புத்திமதியாக முடியும். அது நில அபகரிப்புக் கதை. அரண்மனைக்குப் பக்கத்தில் ஏழையின் பரம்பரை நிலம் இருக்கிறது. ராஜா கேட்கிறான், இவன் தரமாட்டேன் என்கிறான். ஊர் மூப்பர்கள் பொய்ச் சாட்சி ஜோடித்து அவனைக் கொல்கிறார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் தலித்துகளுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இன்றைக்கு யார் யார் கையில் இருக்கிறது என்று கேட்க இதைவிட நல்ல வேதபாடம் உண்டா?

சமாரியப் பெண். ஐந்து புருஷர் இருந்த பாவி மனந்திரும்பினாள், இதுதான் நமக்குச் சொல்லப்பட்ட பாடம். யோவான் 4-இல் அதற்கு முன்பே, ஒன்பதாம் வசனத்தில், அவள் முதலில் கேட்பது தண்ணீர்க் கேள்வி. யூதனாகிய நீர் என் கையில் எப்படித் தண்ணீர் கேட்கலாம் என்று வியக்கிறாள். பொதுக்கிணறும் தனிக்குவளையும் இருந்த நாட்டில் அந்த வசனத்தை விளக்கப் பொம்மை வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்த செய்தி வந்த அடுத்த ஞாயிறு எத்தனை வகுப்புகளில் யோவான் 4 திறக்கப்பட்டது?

கடைசியாக, கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். இதை ஞாயிறு பள்ளியில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேமில் இருந்து சொந்தக்காரர்கள் வந்ததும் பந்தியை விட்டு நழுவுகிறார். பவுல் எல்லார் முன்னாலும் அவரை முகத்துக்கு நேரே கண்டிக்கிறார். கொர்நேலியு வீட்டில் தீட்டு இல்லை என்று கற்றுக்கொண்ட அதே பேதுரு! சாதிக்காரன் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் தலைமை அப்போஸ்தலரையே பந்தியை விட்டு எழுப்பியது. திருச்சபையின் முதல் பெரிய சண்டைகளில் ஒன்று சமபந்திச் சண்டை. அசனம் வைக்கிற சபைகள் இந்தப் பாடத்தை ஏன் எடுப்பதில்லை என்று சொல்ல வேண்டுமா?

இதையெல்லாம் பேசினால் உடனே வரும் பதில்: குழந்தைகள் மனசில் ஏன் சாதியை விதைக்கிறீர்கள்? அவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. யாருடைய குழந்தைகளுக்கு? எட்டு வயதில் "நீங்க காலனிதானே" என்று கேட்கப்பட்ட என் அக்கா மகளுக்கு அந்தத் தெரியாமை தரப்படவில்லை. அதைச் சொன்ன பையனுக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரியாததுபோல் நடித்தவர்கள் பெரியவர்கள் மட்டுமே.

1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில், நிறவெறிக்கு எதிராகப் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் அணிவகுத்து வெளியே வந்தார்கள். போலீஸ் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவியது. யாத்திராகமத்தைத் தங்கள் கதையாகக் கேட்டு வளர்ந்த சமூகத்தின் பிள்ளைகள் அவர்கள். அதே ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிறு காலை, அதே ஆலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டில் நான்கு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று வெறுப்பு ஒருநாளும் வயது பார்த்து ஒதுங்கியதில்லை.

சபைத் தலைமைக்கும் ஒரு கேள்வி. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியேதான். இதை எதிர்த்து ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறீர்கள். நியாயமான போராட்டம், நானும் நின்றிருக்கிறேன். டெல்லியிடம் மதம் மாறியும் சாதி போகவில்லை என்று சொல்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சபையில் சாதியே இல்லை என்கிறீர்கள். இரண்டில் எது சாட்சி, எது பொய்ச் சாட்சி?

தோழர்கள் சிலர் வேறு பக்கத்தில் இருந்து கேட்பார்கள்: வேதாகமம் எதற்கு? அம்பேத்கர் அதை விட்டுப் பௌத்தம் போகவில்லையா? கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களின் நிலை பற்றி அம்பேத்கர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சாதி சபைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது என்ற அவரது விமர்சனத்துக்கு நம்மிடம் இன்றுவரை பதில் இல்லை. யாரையும் இருக்கச் சொல்லவோ வரச் சொல்லவோ இது எழுதப்படவில்லை. ஆனால் லட்சக்கணக்கான தலித் பிள்ளைகள் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பாயில் உட்காருகிறார்கள். அவர்களுக்கு ஏதோ ஒன்று கற்பிக்கப்படும். கீழ்ப்படிதலா, விடுதலையா என்ற சண்டையை ஆதிக்கச் சாதிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே நின்று சாதி ஒழிப்பு பேச முடியாது.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நாம் 'பரட்டை' என்று அழைத்தவர், பறையையும் கிராமத்து மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 'ஓருலை' என்று ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவதை இறையியலாகவே பேசினார். அந்தப் பாட்டுகள் இருக்கின்றன. சொல்லித்தரத்தான் ஆள் வேண்டும்.

பாடப்பகுதியை முழுதாக வாசியுங்கள். ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது நம் ஊரில் நடந்தால் எந்தத் தெருவில் நடக்கும்? கிறிஸ்துமஸ் வேடங்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வகுப்பைக் காலனியில் நடத்துங்கள், மேலத்தெருப் பிள்ளைகள் நடந்து வரட்டும். வகுப்பு முடிந்ததும் முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் சமைத்து எல்லாரும் ஒரே வரிசையில் சாப்பிடட்டும். எந்த வீட்டு முறை வரும்போது எந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வருகிறது என்று குறித்து வையுங்கள். சபையின் உண்மையான வருகைப் பதிவேடு அதுதான். பெரிய பிள்ளைகளிடம் கடினமான பகுதிகளையும் மறைக்காதீர்கள். கானான் மேல் விழுந்த சாபம் கறுப்பின அடிமைமுறைக்குச் சாக்கானது, அந்நிய மனைவிகளைத் தள்ளிவிடச் சொல்லும் பகுதி எஸ்றாவில் இருக்கிறது, மோவாபியப் பெண்ணான ரூத் தாவீதின் பூட்டி என்பதும் அதே வேதத்தில் இருக்கிறது. எந்தக் குரலோடு நிற்பது என்று பதினைந்து வயதுப் பிள்ளை விவாதிக்கட்டும். அப்படிப் படித்த பிள்ளையிடம் நாளைக்கு அகமண விளம்பரத்தை நீட்ட முடியாது. இந்தக் கல்வி எவருக்குப் பயம் தருகிறதோ அவர்கள்தான் 1807-இல் கத்தரிக்கோல் பிடித்தவர்களின் வாரிசுகள்.

அன்றிரவு அக்கா மகளுக்குப் பதில் சொன்னேன். நம்மைப் புறம் என்று சொன்னவர்கள் உண்டு, பேதுருவும் முதலில் அப்படித்தான் நினைத்தார், பிறகு திருந்தினார், பிறகு மறுபடியும் பயந்தார், அதற்காகத் திட்டும் வாங்கினார் என்று முழுக் கதையையும் சொன்னேன். அக்கா தடுக்கவில்லை. தட்டைக் கழுவாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப நாளைக்கு அவன்கிட்ட நான்தான் பவுல்னு சொல்லிரட்டுமா சித்தி?"

சொல்லு தாயி. சத்தமாகவே சொல்லு.